குடிக்காமல் பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

"நான் குடிக்கப் போகவில்லை ஹஜ்ரத்! சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்..."

இப்படி ஆரம்பிக்கும் கேள்விகள் இப்போது அதிகமாகிவிட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள், வியாபார விஷயமாக அந்தப் பக்கம் போய்வரும் நம் முதலாளிமார்கள், விடுமுறை கிடைத்தால் கரீபியன் தீவுகளுக்குப் பறக்கிறார்கள். அதில் ஜமைக்கா முக்கியமான இடம். மாண்டிகோ பே, நெக்ரில் கடற்கரை ஓட்டல்களில் தங்குவோருக்கு அங்கே ஒருநாள் பயணம் ஒன்று விற்கப்படுகிறது. தனி வேன், தனி டிரைவர். தீவின் தென்மேற்கில் இருக்கும் செயின்ட் எலிசபெத் மாவட்டத்திற்குக் காலையில் கிளம்ப வேண்டியது. ஆப்பிள்டன் எஸ்டேட் என்னும் ரம் சாராய ஆலை, ஒய்.எஸ். அருவி, பிளாக் ரிவர் ஆற்றில் முதலை பார்க்கும் படகுச் சவாரி, மூன்றையும் முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டியது.

சாராய ஆலைக்குள் போகலாமா என்பதற்குப் பதில் சொல்ல ஆலிம்கள் கூடி ஆராய வேண்டியதில்லை. மதுவைப் பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் விலையைத் தின்பவன் என்று அதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் எண்ணிச் சொல்லி எச்சரித்த மார்க்கம் நம்முடையது. மது பரிமாறப்படும் விரிப்பில் உட்காருவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்த ஆலைச் சுற்றுலாவோ கடைசியில் வரிசையாகக் கிளாஸ்களை வைத்து ருசி பார்க்கச் சொல்வதில்தான் முடிகிறது! நுழைவுச் சீட்டை வாங்கிவிட்டு, "என் பங்கைப் பக்கத்து மேசைக்காரர் குடித்துவிட்டார்" என்றால் அது என்ன பேணுதல்?

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப் பாகைப் புளிக்க வைத்து, செம்புக் கொப்பரையில் காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் அடைத்து வைக்கிறார்கள். வெப்ப நாடு அல்லவா, பீப்பாயிலிருந்து வருடா வருடம் கணிசமான சரக்கு ஆவியாகிப் போய்விடும். அந்த நஷ்டத்திற்குச் சாராயத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'மலக்குகளின் பங்கு'! குடிப்பது இவர்கள், பழி மலக்குமார்கள் மீது! நஊது பில்லாஹ்!

ஆக, ஆலை வேண்டாம். அருவியில் குளிக்கலாம், முதலையைப் பார்க்கலாம். ஃபத்வா முடிந்தது என்று நம் இளைஞர்கள் எழுந்து விடுவார்கள். நான் சொல்ல வந்ததோ இனிமேல்தான் இருக்கிறது.

பாட்டிலில் அச்சடித்த வருடம்

ஆப்பிள்டன் பாட்டிலில் பெருமையாக அச்சடித்திருக்கும் வருடம் 1749. அன்றிலிருந்து அங்கே ரம் காய்ச்சியதற்கு ஆதாரம் இருக்கிறதாம். இருக்கட்டும். ஜமைக்காவில் அடிமைகள் முழு விடுதலை பெற்றது 1838 ஆகஸ்ட் 1-ல். இரண்டுக்கும் நடுவே 89 வருடங்கள்! அந்த 89 வருடமும் கரும்பை வெட்டியது யார்? ஆலையில் கரும்பைத் திணித்தது யார்? கொதிக்கும் கொப்பரைக்கு முன்னால் இரவெல்லாம் நின்றது யார்? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள்.

கரீபியன் சர்க்கரை ஆலைகளில் கரும்பு பிழியும் உருளைக்குப் பக்கத்தில் ஒரு கோடரி தயாராக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஒருவனுடைய கை உருளையில் சிக்கினால் ஆலையை நிறுத்த நேரமிராது. கையை வெட்டி ஆளை இழுப்பார்கள். அந்தத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். அதனால்தான் கப்பல் கப்பலாக ஆட்களை இறக்கிக் கொண்டேயிருந்தார்கள். அந்தக் கரும்பில் வடித்த ரம்மே ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கும் பண்டமாற்றுச் சரக்காகவும் போயிற்று. சாராயத்தைக் கொடுத்து மனிதனை வாங்கி, அவனை வைத்து மறுபடியும் சாராயம்!

"பழைய கதை மௌலவி! நாங்கள் போவது சந்தோஷமாக இருந்துவிட்டு வர. இதையெல்லாம் எதற்குக் கிளறுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். பழைய கதையை விற்பது நானா, அவர்களா? 1749 என்று பாட்டிலில் போடுவதே பழமையைக் காசாக்கத்தான். பழமையை விற்கிறவர்கள் அதில் பாதியை மட்டும் எடுத்து விற்கிறார்கள் என்பதே என் புகார். அந்த ஆலையில் இன்று சம்பளம் வாங்கும் ஏழைத் தொழிலாளிகளோடு நமக்குப் பகையில்லை. அவர்களுடைய பாட்டன் பூட்டன் சிந்திய வியர்வைதான் அது. ஆலையோ 2012 முதல் கம்பாரி என்ற இத்தாலிய மதுக் கம்பெனியின் சொத்து.

ஒய்.எஸ். அருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு படிகளாக விழும் அழகான அருவி. 1992-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதுவும் பழைய கரும்புத் தோட்டம்தான். 'ஒய்.எஸ்.' என்பது அங்கிருந்து போன சர்க்கரைப் பீப்பாய்களில் குத்திய முத்திரை என்பார்கள். உடை விஷயத்தில் பேணுதலோடு, கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்க் குடும்பத்தோடு குளித்துவிட்டு வாருங்கள்.

போகும் வழியில் இருபுறமும் மூங்கில் வளர்ந்து பந்தல் போட்ட சாலை ஒன்று உண்டு. மூங்கில் அவென்யூ என்று பெயர். டிரைவர் வேனை நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொல்வார். அந்த நிலம் ஹாலந்து எஸ்டேட். அதன் சொந்தக்காரர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டனுடைய தகப்பனார். அடிமை முறையை ஒழித்த பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்ததே, யாருக்கு? அடிமைகளுக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! முதலாளிகளுக்கு! ஜான் கிளாட்ஸ்டனுக்கு மட்டும் 2,500 அடிமைகளுக்காக ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அடிமைக்குப் பதில் ஆள் வேண்டுமே? 1838-ல் கல்கத்தாவிலிருந்து முதல் இந்தியக் கூலிகளைப் பக்கத்து பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேற்ற ஏற்பாடு செய்தவரும் இவரே. 1845-ல் ஜமைக்காவுக்கும் அந்தக் கப்பல்கள் வந்தன. 1917 வரை சுமார் 36,000 இந்தியர்களை இறக்கினார்கள். கல்கத்தாவிலிருந்து போனவர்களே பெரும்பகுதி. சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் உண்டு. மூங்கில் நிழலில் நின்று போட்டோ எடுக்கும் நம் பிள்ளைக்கு இதைச் சொல்ல அந்த வேனில் யார் இருக்கிறார்கள்?

அந்தச் சாலையைத் தாண்டினால் மிடில் குவார்ட்டர்ஸ் என்ற ஊர். காரம் போட்டு வேகவைத்த ஆற்று இறாலை ரோட்டோரத்தில் பெண்கள் பையில் கட்டி விற்பார்கள். அவர்களிடம் வாங்குங்கள். இறால் விஷயத்தில் ஹனஃபி, ஷாஃபி சர்ச்சையை ஜமைக்காவிலும் கொண்டுபோய்க் கிளப்பிவிடாதீர்கள்!

ஆற்றுமுகத்தில் நின்ற கப்பல்

இனி பிளாக் ரிவர். தண்ணீர் கறுப்பல்ல, அடியில் மக்கிக் கிடக்கும் இலைதழைகளால் ஆறு கறுப்பாகத் தெரிகிறது. இருகரையும் சதுப்புக் காடு, விழுது இறங்கிய அலையாத்தி மரங்கள், கொக்குகள், நாரைகள். முதலைகளுக்கு 1971 முதல் சட்டப் பாதுகாப்பு. படகோட்டிகள் அவற்றுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். அந்தச் சதுப்பு நிலம் 1997 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று சொல்ல வேண்டிய இடம்தான்.

ஆனால் அந்த ஆறு கடலில் கலக்கும் இடத்தில், 1781 டிசம்பர் 22-ல் ஒரு கப்பல் வந்து நின்றது. லிவர்பூல் வியாபாரிகளுக்குச் சொந்தமான 'ஸோங்'. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிளம்பும்போது அதில் 442 அடிமைகள். பிளாக் ரிவரில் இறங்கியவர்கள் 208 பேர். மற்றவர்கள் எங்கே? நோயில் மாண்டவர்கள் பலர். 130-க்கும் மேற்பட்டவர்களை உயிருடன் கடலில் தள்ளினார்கள்!

வியாபாரச் சகோதரர்களே, இதை உங்கள் பேரேட்டுக் கண்ணோடு பாருங்கள். அடிமை நோயில் செத்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது. கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிந்தால் இன்ஷூரன்ஸ் உண்டு. தலைக்கு 30 பவுண்டு. தண்ணீர் தீர்ந்துபோகும் நிலை, அதனால் எறிந்தோம் என்று கணக்கு எழுதினார்கள். கரைக்கு வந்தபோது கப்பலில் 420 காலன் தண்ணீர் மிச்சம் இருந்தது. 1783-ல் வழக்கு லண்டன் நீதிமன்றத்திற்கு வந்தது. கொலை வழக்கு என்று நினைக்காதீர்கள், இன்ஷூரன்ஸ் வழக்கு! ஜூரிகள் முதலில் கப்பல்காரர்களுக்கே தீர்ப்பளித்தார்கள். குதிரைகளைக் கடலில் எறிந்ததைப் போலத்தான் சட்டம் இதைப் பார்க்கும் என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பேசினார். மறுவிசாரணைக்கு உத்தரவானது, அது நடந்ததற்கு ஆதாரமில்லை. கொலைக் குற்றத்திற்காக ஒரு மனிதன்கூடத் தண்டிக்கப்படவில்லை.

2007-ல் பிளாக் ரிவரில் இதற்காக ஒரு நினைவுக்கல் நட்டார்கள். முதலைப் படகு புறப்படுவதும் அதே ஊரிலிருந்துதான்!

நமக்கு இதைவிட நெருங்கிய செய்தியும் அங்கே உண்டு. செயின்ட் எலிசபெத்தை அடுத்த மாவட்டம் மான்செஸ்டர். 1814-ல் பிரிக்கும்வரை அதில் ஒரு பகுதி செயின்ட் எலிசபெத்தாகவே இருந்தது. அந்த மலைப்பகுதியில் ஒரு காப்பித் தோட்டத்தில் அடிமையாக இருந்தவர் முஹம்மத் கபா. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆலிம்கள் குடும்பத்தில் பிறந்து, 1777-ல் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர். பாதிரிமார்களின் பதிவேட்டில் ஞானஸ்நானம் பெற்று வேறு பெயரில் இருக்கிறார். அதே மனிதர் 1820 வாக்கில் அரபு எழுத்தில் ஒரு ஏடு எழுதி வைத்தார். எதைப் பற்றி? தொழுகையைப் பற்றி! சிறு வயதில் மதரஸாவில் ஓதிய பாடத்தை, நாற்பது வருட அடிமை வாழ்வுக்குப் பிறகு! அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். மதரஸாவில் ஓதிவிட்டு இரண்டே வருடத்தில் பாதியை மறந்துவிடும் நம்மைப் போன்றவர்கள் அந்த ஏட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் அபூபக்கர் அஸ்ஸித்தீக். திம்புக்டுவில் பிறந்தவர். ஜமைக்காவில் எஜமானனுடைய கடைக் கணக்கை ஆங்கிலத்தில், ஆனால் அரபு எழுத்தில் எழுதி வந்தார். அரபுத் தமிழில் கணக்கு எழுதிய நம் முன்னோர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டுமா? 1834-ல் தன் வரலாற்றை அரபியில் எழுதினார். அந்த வருடமே விடுதலையும் பெற்றார். அவரைப் பிடித்தது ஆப்பிரிக்கப் படை, வாங்கியது ஆங்கிலேயக் கப்பல். முஸ்லிம் பெயர் தாங்கிய வியாபாரிகளும் ஆப்பிரிக்காவில் அந்த அடிமை வியாபாரத்தில் பங்கு வைத்திருந்தார்கள். இதை மறைத்துவிட்டுப் பேசினால் நாமும் பாதிக் கதை விற்கிறவர்களாகிவிடுவோம்.

பயணத் திட்டம் உங்கள் கையில்

இது பஸ்ஸில் ஐம்பது பேரோடு போகும் பயணமில்லை. தனிப் பயணம். பணம் கொடுப்பவன் சொல்லும் வழியில் வேன் போகும். ஆலை நுழைவுக் கட்டணத்தைக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். மிச்சமாகும் நேரத்தை நினைவுக்கல்லுக்கும் பிளாக் ரிவர் ஊருக்கும் கொடுங்கள். இல்லையென்றால் ஆப்பிள்டனுக்கு அருகே மலையில் அக்கம்பாங் என்ற ஊருக்கு, ஊராரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடி, வெள்ளைப் படையோடு போராடி, 1739-ல் அவர்களை ஒப்பந்தத்திற்கு வரவைத்த மரூன்களின் ஊர் அது. அதே ஒப்பந்தத்தில், இனி தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளம்புமுன் ஒன்றை விசாரித்துக்கொள்வது அவசியம். 2025 அக்டோபர் 28-ல் மெலிஸா புயல் மணிக்குச் சுமார் 295 கிலோமீட்டர் வேகத்தில் ஜமைக்காவின் தென்மேற்குக் கரையைத் தாக்கியது. மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று பிளாக் ரிவர். மருத்துவமனை, பழைய தேவாலயம், கடைவீதி எதுவும் தப்பவில்லை. 1893-ல் ஜமைக்காவிலேயே முதலில் மின்விளக்கு எரிந்தது எங்கள் ஊரில்தான் என்று பெருமை பேசும் மக்கள் இருளில் கிடந்தார்கள். எந்தப் படகு ஓடுகிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை அந்த ஊரிலேயே யாரிடமாவது கேளுங்கள், ஓட்டல் கவுண்டரில் மட்டும் கேட்டால் போதாது. முடிந்தால் படகுக் கூலியை ஏஜென்ட் வழியாகக் கட்டாமல், படகுக்காரர் கையிலேயே கொடுங்கள்.

நம் வியாபாரிகளுக்குப் பேரம் பேசாமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஓட்டலில் பேசுங்கள், ஏஜென்டிடம் பேசுங்கள். அந்த ஆற்றங்கரையில் மட்டும் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறுங்கள்.