தமிழ் பேசினால் இந்துவா? முஸ்லிம் என்றால் மலாய்க்காரரா?

"நீ முஸ்லிமா? அப்போ மலாய்தானே பேசுவே?" - சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம் இளையர்கள் எதிர்கொள்ளும் கேள்வி இது.

கேட்பவர் சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். ஆனால் இனமும் சமயமும் ஒன்றுதான் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்களில் சுமார் 57 விழுக்காட்டினர் இந்துக்கள். சுமார் 23 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். கிறிஸ்துவர்கள் ஏறக்குறைய 13 விழுக்காடு.

மலாய்க்காரர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே முஸ்லிம்கள். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இது புதுசா?

இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். அதே சாலையில், அடுத்த ஆண்டே மாரியம்மன் கோயில் எழுந்தது.

1887இல் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழை நடத்திய மகுதூம் சாயபுவும் தமிழ் முஸ்லிம்தான். லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

அன்றாட வாழ்வில் எங்கே தெரியும்?

சம்பளச் சீட்டைப் பாருங்கள். சிண்டா நிதி இந்தியர்களுக்கு. பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதி முஸ்லிம்களுக்கு. இந்திய முஸ்லிம் ஊழியர் இரண்டுக்குள்ளும் வருகிறார்.

2017 அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டபோதும் இந்த விவாதம் எழுந்தது. திருவாட்டி ஹலிமா யாக்கோப்பின் தந்தை இந்திய முஸ்லிம், தாயார் மலாய்க்காரர்.

சட்டம் ரத்தத்தை அளக்கவில்லை. ஒருவர் தம்மை மலாய்ச் சமூகத்தவராகக் கருதுகிறாரா, சமூகம் அதை ஏற்கிறதா என்றுதான் பார்த்தது.

2011 முதல் அடையாள அட்டையில் இரட்டை இனம் குறிப்பிடலாம். ஆனால் அது கலப்பினப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு. பெற்றோர் இருவருமே தமிழ் முஸ்லிம்கள் என்றால் பிள்ளைக்கு இனம் ஒன்றுதான். சமயம் வேறு விஷயம்.

நாம் ஏன் கவனிக்கணும்?

2020இல், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் மக்கள்தொகையில் சுமார் 2.5 விழுக்காடுதான். தமிழைக் கோயிலோடு மட்டும் சேர்த்துப் பார்த்தால், பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகும் தமிழ்ப் பிள்ளைகள் 'இது நம்ம மொழி இல்லையோ' என்று ஒதுங்கக்கூடும்.

ஏற்கெனவே சிறிய சமூகம். அதையும் சமயத்தால் பிரித்தால், இழப்பு தமிழுக்குத்தான்.