முகமறியாதவரிடம் ஆறுதல் தேடும் பிள்ளைகள்

வீட்டில் ஒரு மௌத் நிகழ்ந்தால் பெரியவர்களின் துக்கத்தில் பங்குகொள்ளப் பலர் வருகின்றனர். கரம் பற்றி ஆறுதல் கூறுகின்றனர். அதே வீட்டின் மூலையில் நிற்கும் வளரிளம் பிள்ளைக்கோ, 'தைரியமாக இரு' என்னும் ஒற்றை அறிவுரை மட்டுமே கிடைக்கிறது. அப்பிள்ளை தன் துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைக்கும்?

அமெரிக்க எழுத்தாளர் ஜூலி பக்ஸ்பாம் 2016இல் வெளியிட்ட 'டெல் மீ த்ரீ திங்ஸ்' என்னும் இளையோர் நாவல் இக்கேள்வியையே நம்முன் வைக்கிறது. பதினான்கு வயதில் தாயை இழந்தவர் அதன் ஆசிரியர். கதையின் நாயகி ஜெஸ்ஸிக்குப் பதினாறு வயது. தாய் புற்றுநோயால் இறந்து 733 நாள்கள் ஆகின்றன. இணையத்தில் அறிமுகமான பெண்ணை, மகளைக் கலந்துகொள்ளாமலே தந்தை மறுமணம் செய்து 45 நாள்கள் ஆகின்றன. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து ஒரு மாதம். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் புதிய பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம். அப்போதுதான் பெயர் கூறாத ஒருவரிடமிருந்து, பள்ளியில் அவளுக்கு வழிகாட்ட முன்வந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. யாரோ விளையாடுகிறார்கள் என்று அவள் முதலில் ஐயுறுகிறாள். பின்னர் இருவரும் தம்மைப் பற்றி மும்மூன்று செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் நட்பாக அது வளர்கிறது.

ஊராருக்கு அந்த மரணம் பழைய செய்தி. மகளுக்கோ ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையில் நிற்கும் புண். இந்த வேறுபாட்டை உணர்த்துவதே நாவலின் பெரும் சிறப்பு. தந்தையும் துக்கத்தில் இருப்பவர்தாம், கொடியவர் அல்லர். ஆயினும் இருவரும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியே துயருறுகின்றனர். அந்த இடைவெளியில்தான் முகமறியாத ஒருவருக்கு இடம் கிடைக்கிறது.

நாவலில் அந்த நண்பர் நல்லவராகவே அமைந்துவிடுகிறார். இது கதாசிரியர் காட்டிய கருணை. நடைமுறை வாழ்வில் அதற்கு உத்தரவாதம் இல்லை. தம்மைப் பற்றி மறைத்து, நேரில் சந்திப்பதைத் தள்ளிப்போட்டு, பிள்ளையின் துயரங்களை மட்டும் கேட்டறியும் ஒருவர் தீய நோக்கம் உடையவராகவும் இருக்கலாம். நாவலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெற்றோர் இதையும் உடனிருந்து பேச வேண்டும்.

எனினும், கைபேசியைப் பறித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணுவது தவறு. கதவை அடைக்கலாம், பிள்ளையின் ஏக்கத்தை அடைக்க முடியாது. இறந்த தாயின் பெயரை எடுத்தால் பிள்ளை அழுமே என்று அஞ்சிப் பலரும் மௌனம் காக்கின்றனர். அம்மௌனத்தைப் பிள்ளை, 'என் தாயை எல்லோரும் மறந்துவிட்டார்கள்' என்றே பொருள் கொள்கிறது. மறுமணமும் பள்ளி மாற்றமும் தவிர்க்க இயலாதவையாக இருக்கலாம். அவற்றை முன்கூட்டியே சொல்லி, பிள்ளையின் கருத்தைக் கேட்பது தவிர்க்கக் கூடியதன்று.

ஆகவே பெற்றோரே, பொறுப்பாளர்களே! மூன்று செய்திகள் கேட்கும் அந்த வழக்கத்தை நம் இல்லங்களுக்குக் கொண்டு வருவோம். இன்று பள்ளியில் என்ன நடந்தது, மனத்தை வருத்தியது எது, உம்மாவைப் பற்றி இன்று என்ன நினைத்தாய் என்று இரவு உணவின்போது கேட்போம். பதில் உடனே வராமல் போகலாம். மறுநாளும் கேட்போம். பெயர் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே காத்திருக்கிறார் என்பதைப் பிள்ளை அறிந்துகொள்ளட்டும்.