விதிவிலக்கைக் கண்டு பயம் ஏன்?



பழைய புத்தகக் கடையில் ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தேன். "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு எதுக்குடா ஸ்பானிஷ்?" என்று அறை முழுக்கச் சிரிப்பு. 20 நாடுகளின் ஆட்சிமொழி அது, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் என்னைப் பயமுறுத்தியது வேறு. ஏவல் சொற்கள் பாடத்தில் 'விதிவிலக்கு எட்டு' என்று போட்டிருந்தது. விதிவிலக்கு என்றாலே இங்கிலீஷ் வகுப்பில் வாங்கிய அடிதான் எனக்கு ஞாபகம் வரும்!

விதி என்னவோ சுலபம். 'அவன் பேசுகிறான்' என்பதற்கு உள்ள சொல்லையே நண்பனிடம் சொன்னால் 'பேசு' என்று ஆகிவிடும்: ஆப்லா. அதேபோல 'சாப்பிடு' என்றால் கொமே. இந்த எட்டு மட்டும் அதற்கு அடங்காது: தி (சொல்), ஆஸ் (செய்), வே (போ), போன் (வை), சால் (வெளியே போ), சே (இரு), தென் (வைத்துக்கொள்), வென் (வா). விதிப்படி பார்த்தால் 'வா' என்பது 'வியேனே' என்று வரணும். யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஏன் இந்த எட்டு? யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை எந்த வீட்டிலும் அதிகம் புழங்கும் சொற்கள் இவைதானே! வாயில் ஓயாமல் புழங்கும் சொல் தன் பழைய உருவத்தை லேசில் விடாது. 'தி', 'ஆஸ்' இரண்டுக்கும் மூதாதையான லத்தீன் சொற்கள் 'தீக்', 'ஃபாக்'. அவையும் அந்தக் காலத்திலேயே விதிக்கு அடங்காத குட்டைச் சொற்கள்தான்.

நம் தமிழ் மட்டும் என்னவாம்? வருகிறான், வருவான் என்கிறோம். ஏவும்போது மட்டும் 'வா'. வேண்டாம் என்றால் 'வராதே', அங்கே 'வா' காணாமல் போய்விடுகிறது! ஸ்பானிஷிலும் அதே கதைதான். 'வா' என்றால் வென், 'வராதே' என்றால் நோ வெங்காஸ். என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் ஒரு நாளும் இதில் தவறியதில்லை. ஆகவே என் கருத்து இதுதான்: இந்த எட்டையும் அட்டவணை போட்டு உருப்போடாதீர்கள். அறையில் ஒருவரை ஒருவர் ஏவிப் பழகுங்கள், தானாக வரும்.

இன்னொன்றும் உண்டு. 'வென்' என்பது நண்பனுக்கும் தம்பிக்கும். மரியாதை தர வேண்டியவருக்கு 'வெங்கா', அதாவது வாங்க. என் அப்பா மூட்டை தூக்கும் மண்டியில், அவரைவிட முப்பது வயது சின்னவன் அவரை 'வா, போ' என்கிறான். அந்த வலி தெரிந்த நாம், எந்த மொழி படித்தாலும் 'வென்'னோடு 'வெங்கா'வையும் சேர்த்தே படிக்கணும்.

வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நம்மையும் விதிவிலக்கு என்றுதான் சிலர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்! தினமும் அதிகம் உழைக்கிற சொற்கள்தான் விதிவிலக்காக நிற்கின்றன. அதை மறக்காதீர்கள் நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு