ஏசி வாங்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்க! ராஜபாளையம் வெயிலும் 500 யூனிட் கணக்கும்

குளிர் நாடுகளில் பனிக்காலம் வரும் முன்பே ஜன்னல் இடுக்குகளை அடைத்து வீட்டைத் தயார் பண்ணிவிடுவார்கள். எல்லாம் ஹீட்டர் செலவைக் குறைக்கத்தான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மார்கழிக்கு ஒரு போர்வை போதும். இங்கே கரண்ட் பில்லை ஏற்றிவிடுவது பங்குனியும் சித்திரையும். அதற்கு வீட்டைத் தயார் பண்ணும் பழக்கம்தான் குறைந்துவிட்டது. வெயில் ஏறிய பிறகு ஓடிப்போய் ஏசி வாங்குகிறோம்.

சூடு எந்த வழியாக வருகிறது?

இரண்டு ஊர்களும் ஏறக்குறைய 9.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ளன. ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை பிறக்கும் சமயத்தில், நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது சுவரைவிட மொட்டை மாடிதான் அதிக வெயிலை வாங்குகிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைச் சேர்த்து வைத்து, இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது. ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேன் காற்று அனலாக அடிப்பது இதனால்தான். ஏசி போட்டாலும் அது முதலில் அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

என்ன செய்யலாம், எப்போது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தளம் காய்ந்த தை, மாசிதான் சரியான நேரம். முதலில் விரிசலை அடைத்து, பாசியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். பிறகு வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட். சுண்ணாம்பு மலிவு, ஆனால் மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். பெயின்ட் விலை கூடுதல், சில வருடம் தாங்கும். மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி அல்லது கீற்றுத் தட்டி கட்டலாம். உள்ளே திரை போடுவதைவிட வெளியிலேயே வெயிலை மறிப்பது நல்லது.

மிச்சம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடினால் 1,605 ரூபாய். 520 யூனிட் என்றால் 2,110 ரூபாய். வெறும் 40 யூனிட்டுக்கு 505 ரூபாய் கூடுகிறது! 500-ஐத் தாண்டினால் குறைந்த விலைப் படி ஒன்று கைநழுவிப் போவதே காரணம். 2024 ஜூலையில் விலை மறுபடி ஏறியது.

அந்த 40 யூனிட்டை மிச்சம் பிடிப்பது கஷ்டமில்லை. 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 35 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டு, தினம் 12 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட் மிச்சம். ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ. தளம் குளிர்ந்திருந்தால்தான் 20-ல் வைக்கும் ஏசியை 25-க்கு ஏற்ற மனசு வரும்.

மாடி யாருடையது?

சிக்கல் இங்கேதான். மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் பில் கட்டுகிறார். மொட்டை மாடி வீட்டுக்காரருடையது. செலவு ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு என்பதால் யாரும் கை வைப்பதில்லை. வாடகை பேசும்போதே சுண்ணாம்புச் செலவையும் பேசி, பாதிப் பாதி போட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது.

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் கிராமப்புறங்களில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகளை இலக்காக வைத்திருக்கிறது. கீற்றுக் கூரை மழைக்கு ஒழுகும், ஆனால் சித்திரையில் வேகாது. குடிசையிலிருந்து வருகிற குடும்பத்தால் ஏசி வாங்க முடியாது. தெலங்கானா 2023-லேயே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்துவிட்டது. இங்கேயும் அரசு கட்டித்தரும் ஒவ்வொரு வீட்டின் தளத்துக்கும் வெள்ளைப் பூச்சைக் கட்டாயமாக்க வேண்டும். ஏசி வாங்க வழியுள்ளவருக்கு அது பில்லில் சில நூறு ரூபாய். வழியில்லாதவருக்கு ராத்திரித் தூக்கம்.