லிப்டன் துரை வாங்கிய மலை

அப்புத்தளைக்கு மேலே 'லிப்டன் இருக்கை' பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. கிளாஸ்கோவின் ஏழை மளிகைக்காரர் மகன் தோமஸ் லிப்டன் கப்பலேறி வந்தார், காடாய்க் கிடந்த ஊவா மலையைப் பணம் கொடுத்து வாங்கித் தோட்டமாக்கினார், இலங்கைத் தேயிலையை உலகுக்குக் கொடுத்தார், ஈட்டியதையும் ஏழைகளுக்கே விட்டுப்போனார். அதே ஊவாவின் லுணுகலையிலிருந்து பார்த்தால் இதில் பாதிக்குமேல் நிற்காது.

தேயிலையை அவர்தான் கொண்டுவந்தார் என்பதை முதலில் கழித்துவிடலாம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கொழும்பு ஏலம் தொடங்கியது 1883இல். லிப்டன் கொழும்பில் இறங்கிய 1890இல் தீவின் ஏற்றுமதி ஆண்டுக்கு 4 கோடி இறாத்தலைத் தாண்டியிருந்தது. சமைத்து இறக்கிய பிறகு பந்திக்கு வந்தவர் அவர்.

காட்டையும் அவர் வாங்கவில்லை. தம்பேத்தன்னை, லைமாஸ்டோட், மொனரகந்த எல்லாமே வேறு துரைமார் முன்பே திறந்த தோட்டங்கள். அவை மலிவாகக் கிடைத்த காரணம் நமக்கு அயலில் இருக்கிறது. தோட்டக் கோப்பியில் இலைத்துரு நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1869இல், மடுல்சீமையில். இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாய்த் தொடங்கியது, இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்த இலங்கைக் கோப்பியைச் சாய்த்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் மூடியது. கடனில் மூழ்கியவர்கள் வந்த விலைக்கு விற்றார்கள். கையில் ரொக்கத்தோடு வந்தவர் வாங்கினார். கெட்டிக்கார வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் காடு திருத்தல் அல்ல.

"வாங்கியது சட்டப்படிதானே?" என்பார்கள். இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். சட்டம் எது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, குடியில்லாத, பயிரில்லாத நிலம் எல்லாம் வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்றது அது. கண்டி மாகாணங்களில் சேனை நிலத்துக்கும் இதே கதி: மன்னர் தந்த சன்னசுப் பட்டயம் காட்டு, இல்லையென்றால் வரி கட்டிய பதிவைக் காட்டு. சேனை என்பது ஒரு போகம் பயிரிட்டுப் பல வருடம் காடேற விட்டு மறுபடி திரும்பும் நிலம். காடேறிய வருடத்தில் வந்து பார்க்கிற அதிகாரிக்கு அது 'தரிசு'. ஊவாவில் இதைவிடக் கொடியது முன்பே நடந்திருந்தது. 1817-18 கிளர்ச்சியை அடக்கியபோது ஆங்கிலப் படை ஊர்களை எரித்தது, வயலையும் ஆடுமாட்டையும் அழித்தது, நவம்பர் 1818இல் கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொலையின் தலையை வெட்டியது. ஆளை விரட்டிய மண்ணில் ஆளில்லை என்று இருபது வருடம் கழித்துச் சட்டம் எழுதினால் அது யாருக்கு வசதி? ஏக்கர் 5 ஷில்லிங் வீதம் வாங்கியவர்களில் ஆளுநர் முதல் நீதிபதிகள், படை அதிகாரிகள் வரை இருந்தார்கள். விற்கிற அரசாங்கமும் வாங்குகிற துரையும் ஒரே மேசையில் சாப்பிட்ட காலம் அது. 1844இல்தான் ஆரம்ப விலை ஒரு பவுணாக ஏறியது.

லிப்டன் பிறந்தது 1848இல். 1840ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மலைநாட்டுத் தோட்டக் காணி உறுதிகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் போய்ச் சேருமிடம் அதுதான். தம்பேத்தன்னைக்கும் சரி, லுணுகலையின் ஹொப்டன், அடாவத்தைக்கும் சரி.

'தோட்டத்திலிருந்து நேரே தேத்தண்ணிக் கேத்தலுக்கு' என்பது அவருடைய விளம்பரம். இடையில் தரகர் இல்லையாம். அவர் கடைகளில் விற்ற தேயிலையில் சொந்தத் தோட்டத்துக் கொழுந்து சிறு பங்குதான். மிச்சம் எல்லோரையும் போலச் சந்தையில் வாங்கியது. 3 ஷில்லிங் வரை விற்ற இறாத்தலை 1 ஷில்லிங் 7 பென்சுக்குக் கொடுத்து, பிரித்தானியத் தொழிலாளி வீட்டுக்குத் தேயிலையைக் கொண்டுபோனது அவர் செய்த மெய்யான காரியம். லண்டன் தரகரைக் குறைத்தார். தோட்டத்துத் தரகர் மட்டும் அசையவில்லை. பெரிய கங்காணி முன்பணம் கொடுத்துத் தமிழ்நாட்டிலிருந்து ஆளைக் கூட்டிவந்தார், தலைக்காசு வாங்கினார், ஆட்களின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டது. துண்டில் உள்ள தொகையை வேறு துரை கட்டினால் கூட்டம் முழுவதும் தோட்டம் மாறும். துண்டு முறை ஒழிந்தது 1921இல். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1927இல். லிப்டன் தம் கம்பெனிப் பங்குகளை விற்று விலகியதும் அதே வருடம். தோட்டம் அவர் கையில் இருந்த காலம் ஏறக்குறைய முழுக்கத் துண்டுக் காலமும் சட்டக்கூலி இல்லாத காலமும்தான். இளவயதில் அமெரிக்காவில் தென் கரோலைனா நெல் தோட்டத்தில் வேலை செய்தவர் அவர். கூலிக்காரன் நிலை தெரியாதவர் என்று சொல்லவும் வழியில்லை.

கடைசியாக, வள்ளல் என்ற பெயர். அது பொய்யல்ல. 1931இல் இறந்தபோது சொத்தின் பெரும்பங்கை ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதிவைத்திருந்தார். கிளாஸ்கோ ஏழைகளுக்கு, கிளாஸ்கோ மருத்துவமனைகளுக்கு. ஊவாவில் கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் வந்தது. லயத்துக் குடும்பங்கள் இன்னும் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கேட்டுக்கொண்டிருக்கின்றன.