காலம் மருந்தின் விலையைக் குறைப்பதில்லை

பணக்காரர்களுக்கு நீண்ட ஆயுள், ஏழைகளுக்கு அற்பாயுள் எனப் பிரிந்து கிடக்கும் எதிர்காலத்தைக் காட்டும் அறிவியல் புனைகதைகள்மீது வழக்கமாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. அவை மிகைப்படுத்துகின்றன, எந்தத் தொழில்நுட்பமும் முதலில் வசதியானவர்களிடம் போய், பிறகு செல்போன் போல மலிந்து எல்லோருக்கும் கிடைத்துவிடும், இதை மறைத்து அறிவியல்மீது அச்சத்தை ஊட்டுகின்றன என்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், மிகை. மஞ்சுளா பத்மநாபனின் ‘ஹார்வெஸ்ட்’ நாடகம் 1997இல் ஒனாசிஸ் பரிசு பெற்றது. அதில், 2010ஆம் ஆண்டு மும்பையில், வேலையிழந்த ஒருவன் வெளிநாட்டுச் செல்வருக்குத் தன் உறுப்புகளைத் தர ஒப்பந்தம் போடுகிறான். ஆனால் நிஜத்திலும் சிறுநீரக விற்பனை பெருகிச் சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. உறுப்பு விற்பனைக்குத் தடைச்சட்டம் 1994இல் வந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் நடந்த ஆய்வில், 96 சதவீதம் பேர் கடனை அடைக்கவே விற்றதாகச் சொன்னார்கள். விற்றபின் அவர்களது குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நாடகம் மிகைப்படுத்தியதாகச் சொல்ல அதிகமில்லை.

அடுத்தது, தானாக மலியும் என்ற நம்பிக்கை. எய்ட்ஸுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் வந்தது. 2000 வாக்கில் அதற்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. மலிவான மருந்துக்கு வழிசெய்யத் தென்னாப்பிரிக்கா 1997இல் சட்டம் கொண்டுவந்தது. மருந்து நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே சிகிச்சையை 350 டாலருக்குத் தர முன்வந்தது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அல்லாமல் செய்முறைக்கு மட்டுமே உரிமை தந்ததால்தான் அது முடிந்தது. ஏப்ரலில், உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 39 நிறுவனங்களும் வழக்கைக் கைவிட்டன. விலையை இறக்கியது சட்டமும் போராட்டமும். செல்போனுக்குக் காத்திருந்தவர் அது இல்லாமல் நாளைக் கடத்தினார். மருந்துக்குக் காத்திருந்தவர் இறந்துபோனார்.

மூன்றாவது, அறிவியல் அச்சம். ஜோகன்னஸ்பர்கில் பிறந்த நீல் புளோம்காம்ப் 2013இல் எடுத்த ‘எலிசியம்’ படத்தில், விண்வெளிக் குடியிருப்பில் வாழும் செல்வர்களின் வீடுகளில் எந்த நோயையும் நொடியில் தீர்க்கும் இயந்திரம் இருக்கிறது. அது யாருக்கும் கேடு செய்வதில்லை. ஆளைப் பார்த்துக் குடியுரிமை உண்டா என்று கேட்கிறது, அவ்வளவுதான். உச்சக்கட்டத்திலும் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. பூமியில் இருப்பவர்கள் எல்லோரும் குடிமக்கள் என்று பதிவேடு மாறுகிறது, உடனே மருத்துவக் கலங்கள் கிளம்புகின்றன. இத்தனை கலங்களை யாராவது சும்மா நிறுத்திவைப்பார்களா என்று கேலி செய்பவர்கள் உண்டு. 350 டாலரில் செய்யக்கூடிய மருந்து 10,000 டாலருக்கு விற்ற காலத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

‘எலிசியம்’ கதையிலும் ஒரு பிழை உண்டு. தனியொரு நாயகன் உயிரைக் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறான். தென்னாப்பிரிக்காவில் அதைச் செய்தது 1998இல் தொடங்கிய ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்’ என்ற இயக்கம். நிறுவனங்களோடு மட்டுமல்ல, சொந்த அரசோடும் அது மோத வேண்டியிருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்தை அரசு தர வேண்டும் என்று 2002இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றது.

அரிவாள் செல் நோய்க்கான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அமெரிக்கா 2023 டிசம்பரில் அனுமதி தந்தது. அப்போது அதன் விலை 22 லட்சம் டாலர். அந்த நோயோடு பிறப்பவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இதுவும் ஒருநாள் மலியும் என்பவர்கள், எந்தச் சட்டத்தால், யாருடைய அழுத்தத்தால் மலியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.