பாடினால்தான் பாட்டு வாழும்

இராஜஸ்தானில் ஜோத்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த போருந்தா என்னும் சிற்றூரில், 1960ஆம் ஆண்டு, நாட்டுப்புறவியல் அறிஞர் கோமல் கோத்தாரியும் எழுத்தாளர் விஜயதான் தேத்தாவும் ‘ரூபாயன் சன்ஸ்தான்’ என்னும் அமைப்பை நிறுவினர். லங்கா, மாங்கணியார் முதலிய இசைச் சமூகத்தாரின் பாடல்களை அவ்வமைப்பு ஒலிநாடாக்களில் பதிந்து காத்தது. அப்பணி போற்றத்தக்கது.

ஆயினும், பதிந்து வைப்பதனால் மட்டும் ஒரு கலை வாழுமா? வாழாது என்பதே என் கருத்து. மாங்கணியார், தம்மைப் புரக்கும் குடும்பங்களின் பிறப்பு, திருமணம் ஆகிய நிகழ்வுகளில் பாடுவோர். கூடியிருப்போருக்கும் வேளைக்கும் ஏற்ப அவர்தம் பாட்டு மாறும். ஒலிநாடாவோ ஒருநாள் பாடியதை மட்டுமே காட்டும். கமைச்சா என்னும் நரம்புக்கருவியில் வில்லை இழுக்கும் கைப்பக்குவத்தைத் தாத்தாவின் அருகில் அமர்ந்துதான் பேரன் கற்க முடியும்.

ஆகவே, பழைய பதிவுகள் தாம் பிறந்த ஊர்களுக்குத் திரும்ப வேண்டும். பெரியோர் பொருள் விளக்க, சிறுவர் பாடிப் பழக வேண்டும். அவர்கள் பாடுவதும் பதிவாக வேண்டும். குதிரில் கிடக்கும் விதைநெல் வயலில் இறங்கினால்தான் பயிராகும்.

மாணவர்களே! உங்கள் பாட்டி பாடும் தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்வது நன்று. அதனை நீங்களும் பாடக் கற்பது அதனினும் நன்று.